இராணுவ ரைஃபிள் உதிரிப்பாகங்களில் உள்ள முத்திரைகள்: செய்தவர் குறி எது, சோதனைக் குறி எது?

தேடல்முனை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். பழைய இராணுவ ரைஃபிள்களின் உதிரிப்பாகங்கள் ஐந்து என்னிடம் வந்து சேர்ந்திருக்கின்றன. முழுத் துப்பாக்கி ஒன்றும் இல்லை. எந்தப் பாகம் எந்தத் துப்பாக்கியிலிருந்து கழன்றது என்று சொல்லக்கூடியவரும் இப்போது இல்லை. ஒவ்வொன்றுக்கும் தொழிற்சாலையையும் ஆண்டையும் குறிப்பிட்டு ஒரு விவர அட்டை எழுதிக் காட்சிப் பெட்டியில் வைக்க விரும்புகிறேன். தவறான அட்டை ஒருமுறை எழுதப்பட்டுவிட்டால் அடுத்து வருபவர்கள் அதையே ஆதாரமாகக் கொண்டுவிடுவார்கள் என்பதால், எழுதுவதற்கு முன்பே கேட்டுவிடலாம் என்று தோன்றியது.

முதலாவது பிரிட்டிஷ் லீ-என்ஃபீல்டு வகை போல்ட் (தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி, பின்னாலிருந்து அடைக்கும் உருளை). கைப்பிடியின் பின்பக்கத்தில் ஐந்து இலக்க எண் இருக்கிறது. அதனருகே குறுக்காக வைத்த இரண்டு கொடிகளும், மேலே கிரீடமும், கீழே 'பி' என்ற ஆங்கில எழுத்தும் சேர்ந்த ஒரு சின்னம். இன்னோரிடத்தில் கிரீடத்துக்குக் கீழே இரண்டு இலக்க எண்ணும் அதற்கும் கீழே 'இ' என்ற எழுத்தும். இரண்டாவது 'இ' என்ற ஒற்றை எழுத்து மட்டும் உள்ள டிரிகர் கார்டு (விசையைச் சுற்றியுள்ள காப்பு). மூன்றாவது, முன்குறியைப் பாதுகாக்கும் இரும்புக் காப்பு. அதில் 'எம் 47' என்று இருக்கிறது. நான்காவது ஜெர்மன் மவுசர் 98 வகை போல்ட். அதன் கைப்பிடி அடியில் ஏதோ ஒரு சின்னத்தை அரத்தால் தேய்த்து அழித்திருக்கிறார்கள்; வரிசை எண் அச்சு வைத்து அடிக்கப்படாமல் கையால் கீறியதுபோல் தெரிகிறது. ஐந்தாவது கிரீடமும், 1862 என்ற ஆண்டும், 'டவர்' என்ற சொல்லும் பொறித்த பூட்டுத் தகடு (பழைய துப்பாக்கியின் சுத்தியலைத் தாங்கும் பக்கத் தகடு).

குறுக்குக் கொடிகள் தொழிற்சாலையின் சின்னம் என்றும், 'இ' என்றால் என்ஃபீல்டு என்றும், 'டவர்' என்பதால் அந்தத் தகடு லண்டன் கோட்டையில் செய்யப்பட்டது என்றும் எண்ணிக்கொண்டிருக்கிறேன். இவற்றுள் எது சரி? பூட்டுத் தகட்டில் துரு இருந்ததால் எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்று ஒரு மூலையை எமரி தாளால் தேய்த்தும் விட்டேன். அதற்காக இப்போது மிகவும் வருந்துகிறேன்.

பழம்பொறி

வணக்கம் நண்பரே. எமரி தாளை உடனே தள்ளி வையுங்கள்; மீதமுள்ள பாகங்களைத் தொடாமல் விட்டதே பெரிய நன்மை. முத்திரை எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது, அதன் விளிம்பில் உலோகம் எப்படி மேலெழுந்திருக்கிறது, பள்ளத்துக்குள் பழைய நீலப்பூச்சு இருக்கிறதா என்பனவெல்லாம் எழுத்தைப் போலவே சான்றுகள். பூச்சுக்கு முன் அடித்த முத்திரையின் பள்ளத்தில் பூச்சின் நிறம் படிந்திருக்கும்; பிற்காலத்தில் அடித்ததன் அடியில் வெறும் உலோகம் தெரியும், அல்லது சுற்றியுள்ள பரப்பைவிட மாறுபட்ட நிறம் தெரியும். தேய்த்தால் முதலில் போவது இந்தச் சான்றுதான். மெல்லிய எண்ணெய் தொட்ட பருத்தித் துணியால் துடைத்து, இருட்டறையில் கைவிளக்கைப் பரப்போடு ஒட்டிச் சாய்வாகப் பிடித்து, நான்கு பக்கங்களிலிருந்தும் ஒவ்வொரு படம் எடுங்கள். நேர் வெளிச்சத்தில் மூன்றாகத் தெரிவது சாய்வு வெளிச்சத்தில் எட்டாக மாறுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

இனி உங்கள் போல்ட்டுக்கு வருகிறேன். உலோகத்தில் அடித்திருக்கும் எல்லாவற்றையும் செய்தவர் பெயர் என்று கொள்வதிலிருந்துதான் பெரும்பாலான குழப்பம் தொடங்குகிறது. செய்தவர் குறி வேறு, அளவு சரியாக இருக்கிறது என்று ஏற்றுக்கொண்ட பரிசோதகரின் குறி வேறு, கூடுதல் மருந்தால் வெடித்துப் பார்த்துத் தாங்கியது என்று சொல்லும் வெடிச்சோதனைக் குறி வேறு, இது யாருடைய சொத்து என்று சொல்லும் உடைமைக் குறி வேறு. பிற்காலத்தில் பழுது பார்த்தபோது சேர்த்த குறிகள் இவற்றுக்கு மேல் ஏறி அமர்ந்திருக்கும். ஒரே போல்ட்டில் இத்தனையும் இருக்கலாம். ஒவ்வொன்றும் வேறொரு நாளில், வேறொருவர் கையால் அடிக்கப்பட்டதாகவும் இருக்கலாம்.

உங்கள் குறுக்குக் கொடிகள் பிரிட்டிஷ் இராணுவ வெடிச்சோதனை முத்திரை. அதில் உள்ள 'பி' சோதனையைக் குறிக்கும் எழுத்து. வழக்கமான தோட்டாவைவிட அதிக அழுத்தம் தரும் தோட்டாவை வைத்துச் சுட்டு, விரிசலோ பிதுக்கமோ இல்லை என்று பார்த்த பின்னரே இதை அடிப்பார்கள். அழுத்தத்தைத் தாங்குபவை போல்ட், ரிசீவர் (போல்ட் ஓடும் உடற்பகுதி), குழல் ஆகிய மூன்றும் என்பதால் அந்த மூன்றிலும் இது இருக்கும். டிரிகர் கார்டிலோ முன்குறிக் காப்பிலோ இதைத் தேடுவதில் பொருளில்லை. எந்தத் தொழிற்சாலை என்று இந்த முத்திரை சொல்லாது. லீ-என்ஃபீல்டு செய்த பல ஆலைகளின் துப்பாக்கிகளிலும் இதே கொடிகளைப் பார்க்கலாம்.

கிரீடம், எண், 'இ' என்று அடுக்கியிருப்பது பரிசோதகரின் முத்திரை. அந்த எண் பரிசோதகரின் தனிக் குறியீடு. 'இ' என்பது என்ஃபீல்டு அரச தொழிற்சாலையின் பரிசோதனைப் பிரிவைக் காட்டுவது. ஆகவே போல்ட்டைப் பொறுத்தவரை உங்கள் ஊகம் சரியான திசையில்தான் செல்கிறது, ஆனால் நீங்கள் நினைத்த சின்னத்தின் வழியாக அல்ல. ஆண்டு கிடைக்காது. அது குழலின் அடிப்பகுதியிலும், அடிக்கட்டை செருகும் வளையத்தின் வலப்பக்கத்திலும்தான் எழுதப்படும். அந்த வளையத்தில் கிரீடம், அரசரின் பெயரெழுத்துகள், தொழிற்சாலைப் பெயர், ஆண்டு, மாதிரி ஆகியவை ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். விக்டோரியா அரசிக்கு 'வி.ஆர்.', 1901 முதல் 1910 வரை 'இ.ஆர்.', அதன் பின் 'ஜி.ஆர்.'. உங்களிடம் ரிசீவர் இல்லாததால் இவை எதுவும் உதவாது. ஆகவே ஆண்டுக்கான இடத்தை வெற்றாக விட்டுவிடுங்கள்.

ஐந்து இலக்க எண்ணைத் துல்லியமாகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். போல்ட், ரிசீவர், குழல், மூக்குத்தொப்பி, பின்குறித் தகட்டின் அடிப்புறம், முன்கட்டையின் முனை ஆகிய இடங்களில் இந்த எண் திரும்பத் திரும்ப அடிக்கப்படும். என்றாவது ஒரு நாள் அதே எண்ணும் அதே முன்னெழுத்தும் உள்ள ரிசீவர் எங்கேனும் தெரியவந்தால், ஆண்டு அன்றே தெரிந்துவிடும்.

இரும்பேடு

பழம்பொறி ஐயா சொன்னவற்றோடு உடன்படுகிறேன். ஆனால் டிரிகர் கார்டில் உள்ள 'இ' பற்றி ஓர் எச்சரிக்கை உண்டு. போல்ட்டில் 'இ' என்றால் என்ஃபீல்டு என்று படித்ததும் அதே பொருளை டிரிகர் கார்டுக்கும் ஏற்றிவிடத் தோன்றும். நானும் முன்பு அப்படிச் செய்து ஒரு பாகத்தைத் தவறான பெட்டியில் பல ஆண்டுகள் வைத்திருந்தேன். எழுத்துக்கு முன் வடிவத்தைப் பாருங்கள். மேகசின் (தோட்டாப் பெட்டி) தனியாகக் கழன்று வரும் லீ-என்ஃபீல்டின் டிரிகர் கார்டும், மேகசின் உள்ளடங்கிய ரைஃபிளின் நீண்ட டிரிகர் கார்டும் பார்த்த மாத்திரத்திலேயே வேறுபட்டவை.

உங்களுடையது நீளமாக, மேகசின் பெட்டியின் அடித்தளத்தையும் சேர்த்துத் தாங்குவதாக இருந்தால், அது அமெரிக்க எம் 1917 ரைஃபிளுடையதாக இருக்க நிறைய வாய்ப்புண்டு. அந்த ரைஃபிளை வின்செஸ்டர், ரெமிங்டன், பென்சில்வேனியாவில் இருந்த எடிஸ்டோன் ஆகிய மூன்று ஆலைகள் செய்தன. அவற்றின் பெரும்பாலான சிறு பாகங்களில் முறையே 'டபிள்யூ', 'ஆர்', 'இ' என்ற ஒற்றை எழுத்து இருக்கும். அங்கே 'இ' என்பது எடிஸ்டோன், என்ஃபீல்டு அல்ல. மக்கள் இந்த ரைஃபிளை 'அமெரிக்க என்ஃபீல்டு' என்று அழைப்பது குழப்பத்தை இரட்டிப்பாக்குகிறது. அதே ஆலைகள் அதற்கு முன் பிரிட்டனுக்காக .303 அளவில் செய்த பேட்டர்ன் 14 ரைஃபிளும் தோற்றத்தில் ஏறத்தாழ இதுவேதான். ஆனால் அதன் ரிசீவரில் எடிஸ்டோனுக்கு 'இ.ஆர்.ஏ.', ரெமிங்டனுக்கு 'ஆர்.இ.', வின்செஸ்டருக்கு 'டபிள்யூ' என்று அடித்தார்கள். ஆகவே இந்த எழுத்தைப் பொருள்கொள்ள மாதிரி தெரிந்தாக வேண்டும். மாதிரி தெரியாமல் எழுத்தை மட்டும் படிப்பது, எந்த ஊர் என்று தெரியாமல் தெருப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு வீடு தேடுவதற்கு ஒப்பாகும்.

'எம் 47' எளிது. இரண்டாம் உலகப் போரின்போது ஆலைகளின் பெயர் வெளியே தெரியக் கூடாது என்பதற்காகப் பிரிட்டன் குறியீடுகளைப் பயன்படுத்தியது; 'என்' வடக்கு, 'எம்' மத்திய பகுதி, 'எஸ்' தெற்கு என்று வட்டாரத்தைக் குறிக்கும் எழுத்தும், அதையடுத்து ஓர் எண்ணும். எம் 47 என்பது பி.எஸ்.ஏ. என்ற பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ் நிறுவனம். 'எம்' என்ற எழுத்தைப் பார்த்து மால்ட்பி என்று சொல்பவர்கள் உண்டு. மால்ட்பியும் லீ-என்ஃபீல்டு வகையான நம்பர் 4 ரைஃபிள் செய்த அரசு ஆலைதான் என்பதால் அந்தத் தவறு இயல்பானதே, ஆனால் பின்னால் 47 என்ற எண் இருக்கும்போது ஐயத்துக்கு இடமில்லை. எனவே உங்கள் காப்பு நம்பர் 4 ரைஃபிளைச் சேர்ந்ததாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. அந்த ரைஃபிளின் போல்ட் தலை உங்களுக்கு எப்போதாவது கிடைத்தால் அதில் 0 முதல் 3 வரை ஏதேனும் ஓர் எண் இருக்கும். அது வரிசை எண்ணும் அல்ல, பரிசோதகர் எண்ணும் அல்ல. தோட்டாவுக்கும் போல்ட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியைச் சரிசெய்ய நான்கு நீளங்களில் செய்த தலைகளின் அளவு எண் அது.

கருநீலம்

98 போல்ட்டைப் பற்றி நான் எழுதுகிறேன். கையால் கீறியதுபோல் என்று நீங்கள் சொன்னது முக்கியமான தடயம். மவுசர் 98 வகையைச் சேர்ந்த ஜெர்மன் கே 98 கே ரைஃபிளில் முழு எண்ணைப் போல்ட்டில் அச்சு வைத்து அடிப்பார்கள். பாதுகாப்பு விசை, காக்கிங் பீஸ் (சுடும் ஊசியின் பின்முனையில் உள்ள துண்டு) போன்ற சிறு உறுப்புகளில் கடைசி இரண்டு இலக்கங்கள் மட்டும் வரும். எண்கள் 10,000-க்குள் முடிந்து, அதன் பின் 'ஏ', 'பி' என்று சிற்றெழுத்து சேர்ந்து மறுபடி 1-லிருந்து தொடங்கும். ஒவ்வோர் ஆண்டும் புதிதாக ஆரம்பிக்கும். ஆகவே ஒரே எண் ஒரே ஆலையிலேயே பலமுறை வந்திருக்கும். எண்ணை மட்டும் வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது.

போரில் கைப்பற்றிய ஜெர்மன் ரைஃபிள்களைச் சோவியத் படைக்கலக் கிடங்குகள் பிரித்துச் சுத்தம் செய்து, கலந்த பாகங்களை மறுபடி கோத்தன. அப்போது போல்ட்டில் ரிசீவரின் எண்ணை மின்பேனாவால் (உலோகத்தில் எழுதும் மின்கருவி) எழுதினார்கள். ஜெர்மன் கழுகுச் சின்னத்தைத் தேய்த்து அல்லது குத்திச் சிதைத்ததும் உண்டு. உங்கள் போல்ட்டில் இரண்டும் சேர்ந்தே காணப்படுவதால் அந்த வழியாக வந்திருக்கலாம் என்று நினைக்கிறேன். உருப்பெருக்கியால் கீறலைப் பாருங்கள்: மின்பேனாவின் கோடு சீரான கீறலாக இல்லாமல், நெருக்கமாக வைத்த நுண்புள்ளிகளின் வரிசையாக இருக்கும். ஊசியால் கீறியிருந்தால் கோடு வழுக்கிச் சென்று முனையில் மெலியும். பிற்பாடு பணத்துக்காகச் செய்த வேலையையும் இதனால் ஓரளவு பிரித்துவிடலாம்.

தேய்க்கப்பட்ட இடத்துக்குப் பக்கத்திலும், போல்ட்டின் மற்ற சிறு உறுப்புகளிலும் சாய்வு வெளிச்சத்தில் தேடுங்கள். கழுகும் 'டபிள்யூ.ஏ.ஏ.' என்ற எழுத்தும் ஓர் எண்ணும் தப்பியிருந்தால் அது இராணுவ ஆயுத அலுவலகத்தின் ஏற்பு முத்திரை. எடுத்துக்காட்டாக 63, 655, 135 ஆகிய எண்கள் ஓபர்ண்டார்ஃபில் இருந்த மவுசர் ஆலையில் பணிபுரிந்த பரிசோதனைப் பிரிவுகளுடையவை. ஸ்வஸ்திகாவின் மேல் அமர்ந்த கழுகு, எண் எதுவுமின்றித் தனியே இருந்தால் அது வெடிச்சோதனை முத்திரை. பிரிட்டிஷ் போல்ட்டில் பார்த்த அதே வேறுபாடு இங்கும் இருக்கிறது: எண் உள்ள கழுகு பரிசோதகருடையது, எண் இல்லாதது வெடிச்சோதனையுடையது. கழுகுக்குப் பதிலாகக் கிரீடமும் அதன்கீழ் பழைய ஜெர்மானிய வடிவ எழுத்தும் கண்டால், போல்ட் 1918-க்கு முந்தைய பேரரசுக் காலத்தது என்று கொள்ளலாம்.

ஆலைப் பெயர் போல்ட்டில் கிடைக்காது, ரிசீவரின் மேல்வளையத்தில்தான் இருக்கும். பேரரசுக் காலத்தில் டான்ஸிக், ஸ்பாண்டாவ், எர்ஃபுர்ட், ஆம்பெர்க் என்று வெளிப்படையாக எழுதினார்கள். 1934 முதல் 'எஸ்/42' போன்ற மறைகுறிகள் வந்தன; அப்போது ஆண்டைக்கூட 1934-க்கு 'கே', 1935-க்கு 'ஜி' என்று மறைத்தார்கள். பின்னர் மூன்றெழுத்துக் குறிகள் வந்தன: மவுசர் ஓபர்ண்டார்ஃபுக்கு 'பி-ஒய்-எஃப்', ஸ்டெயருக்கு 'பி-என்-இஸட்'. உங்களிடம் குழல் ஒன்று கிடைத்து அதில் '7,91' போன்ற எண் இருந்தால் அதை ஆண்டாகவோ வரிசை எண்ணாகவோ படித்துவிட வேண்டாம். அது குழலின் உள்விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து எழுதியது.

திரிமருந்து

பூட்டுத் தகடு என் ஆர்வத்துக்கு உரியது என்பதால் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். 1862, கிரீடம், டவர் ஆகிய மூன்றும் சேர்ந்தால் அது பேட்டர்ன் 1853 என்ஃபீல்டு வகைத் துப்பாக்கியின் தகடாக இருக்க மிகுந்த வாய்ப்புண்டு. ஆனால் 'டவர்' என்ற சொல், அது லண்டன் கோட்டையில் செய்யப்பட்டது என்று சொல்லவில்லை. தனியார் ஒப்பந்தக்காரர்கள் செய்து கொடுத்தவற்றை அரசு ஏற்றுச் சேமித்த இடமாக அந்தக் கோட்டை இருந்ததால் எழுந்த வழக்கு அது. அந்தச் சொல்லுக்கு இருந்த மதிப்பினால், வெளிநாட்டு வணிகத்துக்காகப் பர்மிங்ஹாமில் செய்த தகடுகளிலும் அதைப் பொறித்தார்கள். அந்த ஆண்டுகளில் அமெரிக்க உள்நாட்டுப் போரில் இரு தரப்பும் இந்தத் துப்பாக்கிகளைப் பெருமளவில் வாங்கின என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

அரசுத் தகட்டையும் வணிகத் தகட்டையும் பிரிக்க, கிரீடத்தின் கீழே பாருங்கள். அங்கே 'வி.ஆர்.' என்ற எழுத்துகளும், அருகில் அகன்ற அம்புக்குறியும் இருந்தால் அரசுப் படைக்கு உரியது. கிரீடம் மட்டும் தனியே நின்றால் வணிகத்துக்காகச் செய்தது என்றே பெரும்பாலும் கொள்ளலாம். அம்புக்குறியோடு 'டபிள்யூ.டி.' இருந்தால் அது போர்த் துறையின் உடைமை. 1855-க்கு முன் அதே இடத்தில் 'பி.ஓ.' என்று படைக்கல வாரியத்தின் எழுத்துகள் இருந்தன. இன்னும் முந்தைய துப்பாக்கிகளில், நான்காகப் பிரித்த இதய வடிவத்துக்குள் எழுத்துகள் இருந்தால், அல்லது பின்னங்காலில் நிற்கும் சிங்கம் இருந்தால், அது கிழக்கிந்தியக் கம்பெனியின் உடைமை. சிங்கம் இதயத்துக்குப் பின் வந்தது.

பூட்டுத் தகட்டில் வெடிச்சோதனை முத்திரையைத் தேட வேண்டாம். வெடிப்பின் அழுத்தம் அங்கே செல்வதில்லை. என்றாவது அதன் குழல் கிடைத்தால், பின்முனையின் இடப்பக்கத்தைப் பாருங்கள். வணிகத் துப்பாக்கியாக இருந்தால் பர்மிங்ஹாம் சோதனை இல்லத்தின் குறுக்குச் செங்கோல்களும் கிரீடமும் இருக்கும். பார்வைச் சோதனைக்கு 'வி' என்ற எழுத்துள்ள ஒன்று, வெடிச்சோதனைக்கு 'பி.பி.சி.' உள்ள ஒன்று என இரண்டு. அந்த இல்லம் 1813-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் நிறுவப்பட்டது. இந்தச் செங்கோல்களையும் இராணுவத்தின் குறுக்குக் கொடிகளையும் ஒன்றென்று எண்ணுபவர்கள் பலர். தேய்ந்த உலோகத்தில் இரண்டும் பெருக்கல் குறிபோலவே தெரியும் என்பதே காரணம். அவற்றோடு '25' என்ற எண் இரண்டு முறை இருக்கக்கூடும். அது ஆண்டல்ல; .577 அங்குலக் குழலுக்குரிய பழைய விட்ட அளவு.

இராணுவமும் வணிகமும் ஒரே குழலில் சந்திப்பதும் உண்டு. அரசு கழித்து விற்ற .303 ரைஃபிள்களைப் பொதுச் சந்தைக்குக் கொண்டுவருவதற்கு முன் சோதனை இல்லத்தில் மறுபடி வெடித்துப் பார்த்தார்கள். அவற்றில் குறுக்குக் கொடிகளோடு, கிரீடத்தின் கீழ் 'பி.என்.பி.' என்ற பர்மிங்ஹாம் முத்திரையும், தோட்டாக் கூட்டின் நீளமான 2.222 அங்குலமும், சதுர அங்குலத்துக்கு 18.5 டன் என்ற அழுத்தமும் எழுதப்பட்டிருக்கும். முனையும் முனையும் தொடுமாறு எதிரெதிராக வைத்த இரண்டு அம்புகள் இருந்தால், அரசு அந்தப் பொருளைத் தன் உடைமையிலிருந்து விடுவித்துவிட்டது என்று பொருள்.

தேடல்முனை

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. சொன்னபடியே இருட்டில் சாய்வு வெளிச்சம் வைத்துப் பார்த்தேன். பூட்டுத் தகட்டில் கிரீடத்துக்குக் கீழே எதுவும் இல்லை, அம்புக்குறியும் இல்லை. நல்லவேளையாக நான் தேய்த்த மூலை அதற்கு எதிர்ப்புறம். டிரிகர் கார்டு நீளமானதுதான், மேகசின் அடித்தளம் பொருந்தும் இடம் தெளிவாக இருக்கிறது. 98 போல்ட்டின் கீறல் உருப்பெருக்கியில் புள்ளி வரிசையாகவே தெரிகிறது; காக்கிங் பீஸில் அச்சடித்த இரண்டு இலக்கங்கள் கீறிய எண்ணின் கடைசி இரண்டோடு பொருந்தவில்லை.

லீ-என்ஃபீல்டு போல்ட்டில்தான் புதிதாக ஒன்று கிடைத்தது. எண்ணுக்குச் சற்றுத் தள்ளி அகன்ற அம்புக்குறி, அதன் கீழே 'ஐ' என்ற எழுத்து. தவிர, நான் குறிப்பிட்ட ஐந்து இலக்க எண்ணுக்கு அடியில் வேறோர் எண் குறுக்கே கோடிட்டு நீக்கப்பட்டதுபோல் மங்கலாகத் தெரிகிறது. அப்படியானால் இது இந்தியாவில் இஷாபூர் ஆலையில் செய்த போல்ட்டா? பரிசோதகர் முத்திரையில் 'இ' இருப்பதோடு இது எப்படிப் பொருந்தும்?

பழம்பொறி

நன்றாகப் பார்த்திருக்கிறீர்கள். இரண்டும் ஒன்றோடொன்று முரண்படவில்லை. அம்பின் கீழ் 'ஐ' என்பது இந்திய அரசின் உடைமை. அது செய்த இடத்தைச் சொல்லவில்லை. அதே அம்பைச் 'சி' என்ற எழுத்துக்குள் வைத்தால் கனடா, இரண்டு 'டி' எழுத்துகளுக்கு நடுவே வைத்தால் ஆஸ்திரேலியா. என்ஃபீல்டில் செய்து, அங்கேயே பரிசோதித்து, பின்னர் இந்தியப் படைக்கு அனுப்பிய ரைஃபிள்கள் ஏராளம். இஷாபூரில் செய்திருந்தால் அதை ரிசீவர் சொல்லும்: பிரிட்டிஷ் ஆட்சியில் கிரீடத்தோடு 'ஜி.ஆர்.ஐ.' என்ற எழுத்துகளும் ஆலையின் பெயரும், விடுதலைக்குப் பின் அசோகரின் சிங்கத் தூணும் 'ஆர்.எஃப்.ஐ.' என்ற சுருக்கமும் அங்கே இருக்கும்.

கோடிட்ட எண் உங்கள் போல்ட்டின் இரண்டாவது வாழ்க்கை. ஒரு பட்டறையில் ரைஃபிளைப் பிரித்துப் பழுது பார்த்து, இந்தப் போல்ட்டை வேறொரு ரிசீவருக்குப் பொருத்தியபோது பழைய எண்ணைக் கோடிட்டு நீக்கிவிட்டு ரிசீவரின் எண்ணைப் புதிதாக அடித்திருக்கிறார்கள். பெரிய அளவில் பழுது பார்த்த ரைஃபிள்களில் 'எஃப்.டி.ஆர்.' என்ற எழுத்துகளும் ஆண்டும் ரிசீவரில் இருக்கும். போல்ட்டில் இந்த எண் மாற்றம் மட்டும் தெரியும். இரண்டு எண்களையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். முதல் எண் அது பிறந்த ரைஃபிளுக்கும், இரண்டாவது எண் அது கடைசியாக இருந்த ரைஃபிளுக்கும் இட்டுச் செல்லும்.

இந்தப் போல்ட்டை வைத்து யாரேனும் ஒரு துப்பாக்கியை முழுமையாக்கித் தருமாறு கேட்டால், கொடிச் சின்னத்தைக் காட்டி இது சோதிக்கப்பட்டது என்று சொல்லிவிடாதீர்கள். அந்தச் சோதனை, அன்று அது பொருந்தியிருந்த ரிசீவரோடும் குழலோடும் சேர்த்துச் செய்யப்பட்டது. வேறு ரிசீவரில் போட்டால் போல்ட் முகத்துக்கும் தோட்டாவுக்கும் இடையிலுள்ள இடைவெளி மாறிவிடும், முத்திரை அப்படியே இருக்கும்.

அட்டைக்கு என் பரிந்துரை இது: "லீ-என்ஃபீல்டு ரைஃபிளின் போல்ட். என்ஃபீல்டு பரிசோதகர் முத்திரை, பிரிட்டிஷ் இராணுவ வெடிச்சோதனை முத்திரை, இந்திய அரசின் உடைமை முத்திரை ஆகியவை உள்ளன. ஒருமுறை எண் மாற்றப்பட்டது. ஆண்டு குறிக்கப்படவில்லை." டிரிகர் கார்டுக்கு, இரும்பேடு அவர்கள் சொன்ன பேட்டர்ன் 14 ரைஃபிளோடும் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்கும் வரை "எடிஸ்டோன்" என்பதன் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி இருக்கட்டும்.

தேடல்முனை

அப்படியே எழுதிவிட்டேன். பூட்டுத் தகட்டின் அட்டையில், "பேட்டர்ன் 1853 வகை, வணிகத் தயாரிப்பாக இருக்கலாம், 1862" என்றும், அதன் கீழே சிறிய எழுத்தில் "வலது கீழ்மூலை அண்மையில் எமரி தாளால் தேய்க்கப்பட்டது" என்றும் குறித்திருக்கிறேன்.